சிமெண்டுக்கும் ஒரு குக்கர்: இறுகாத பச்சைக் கான்கிரீட்டில் காற்றை அளப்பது எப்படி

காரைக்குடியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். ரெடிமிக்ஸ் வண்டி வந்து நின்றதும் கொஞ்சம் கலவையைப் பிடித்து, வேப்பமர நிழலில் வைத்திருந்த கருவியில் நிரப்பினேன். மூடியைப் போட்டு நாலு பக்கமும் கொக்கியை இறுக்கினேன். தடித்த உலோகப் பாத்திரம், மூடிமேல் கடிகாரம் போல ஒரு கேஜ், பக்கத்தில் இரண்டு சின்னக் குழாய்கள், ஒரு கைப்பம்ப். வீட்டுக்கார ஆச்சி சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன தம்பி, சிமெண்டுக்கும் குக்கரா?"

"காத்து எவ்வளவு இருக்குன்னு அளக்கப் போறேன் ஆச்சி."

"கல்லும் மண்ணும் சிமெண்டுமாக் கெடக்கு. அதுல காத்து எங்கேருந்து வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு வேலை அவசரத்தில் இரண்டு வரியில் சொல்லிச் சமாளித்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

வடைக்கு உளுந்து ஆட்டுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மாவு ஆட ஆடப் பொங்கும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். மிதக்க வைப்பது மாவுக்குள் மாட்டிக்கொண்ட காற்று. கான்கிரீட் கலக்கும் டிரம்மும் ஒரு வகையில் ஆட்டுக்கல் மாதிரிதான். அது சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் கலவை புரண்டு விழுகிறது, விழும்போது காற்றையும் சேர்த்து மடக்கிக்கொள்கிறது. பின்னால் வைப்ரேட்டர் போட்டு எவ்வளவு வெளியேற்றினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கும். நம் ஊரில் முக்கால் ஜல்லி என்று சொல்லும் 20 மி.மீ. ஜல்லியில் செய்த சாதாரணக் கலவையில் இப்படித் தங்கும் காற்று சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்கிறது, கலவை வடிவமைப்புக்கான இந்தியத் தர ஏடு ஐ.எஸ். 10262-இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. ஜல்லி சிறிதானால் காற்று கூடும். 10 மி.மீ. ஜல்லிக்கு அதே ஏடு தருவது 1.5 சதவீதம்.

இது தானாக அகப்பட்ட காற்று. குமிழிகள் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கு மேல், கோணல்மாணலாக இருக்கும். இன்னொரு வகையும் உண்டு. அது வேண்டுமென்றே சேர்ப்பது. குளிர்நாடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி விரியும்போது சாலை பெயர்ந்துவிடும். 1930களில் நியூயார்க் மாநிலத்துச் சாலைகளில் சில மட்டும் இந்தச் சேதத்தைத் தாங்கி நின்றன. காரணம் தேடிப் போனால், அவற்றுக்கான சிமெண்டை அரைக்கும்போது கொழுப்பு போன்ற பொருள்களைத் துணைக்குச் சேர்த்திருந்தது தெரிந்தது. அவை சோப்பு நுரை போலப் பொடிப்பொடியான குமிழிகளை உண்டாக்கியிருந்தன. உறையும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அங்கே காற்றைச் சேர்ப்பதும், சேர்த்தது போதுமா என்று அளப்பதும் வழக்கமாகிவிட்டது.

சரி, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு முற்றத்தில் நிற்க முடியாத செட்டிநாட்டில் இது எதற்கு? இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை. நமக்குக் காற்று தேவையில்லை, அதனால்தான் அளக்கிறோம். தேவைக்கு மேல் சேரும் ஒவ்வொரு 1 சதவீதக் காற்றுக்கும் அழுத்த வலிமை சுமார் 5 சதவீதம் குறையும் என்பது பொதுவான கைக்கணக்கு. சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய க்யூப் (வலிமை பார்க்க வார்த்து உடைக்கும் கான்கிரீட் கட்டி), இரண்டு சதவீதக் காற்று கூடிவிட்டால் 27-க்கு இறங்கிவிடும். இப்போது பெரும்பாலான ரெடிமிக்ஸ் கலவையில் தண்ணீரைக் குறைக்க அட்மிக்சர் என்ற ரசாயனம் ஊற்றுகிறார்கள். அதில் சில வகைகளுக்கு நுரைக்கும் குணம் இருக்கிறது. அதை அடக்க நுரை முறிப்பானையும் சேர்த்தே தயாரிப்பார்கள். அந்த அளவு பிசகினால், அல்லது எம்-சாண்ட் மாறி, சிமெண்ட் மாறி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் 4, 5 சதவீதம் வரை காற்று ஏறிவிடும். ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை எத்தனை மி.மீ. சரிகிறது என்ற அளவு) பார்த்தால் அருமையாக இருக்கும். குமிழிகள் குண்டுமணி போல உருண்டு கலவையை வழவழப்பாக்குவதால், கொத்தனாருக்கும் அது பிடித்துப்போகும். உண்மை 28 நாள் கழித்து க்யூப் உடைக்கும்போதுதான் தெரியும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டு வேலையில் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. ஸ்லம்பும் க்யூபும் போதும். புதிதாகக் கலவை வடிவமைத்து முதலில் போட்டுப் பார்க்கும்போதும், அட்மிக்சரோ மணலோ மாறும்போதும், க்யூப் காரணமில்லாமல் குறையும்போதும் இதைச் செய்தால் பயன் உண்டு.

காற்றை அளக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, எடை போட்டுக் கண்டுபிடிப்பது. உளுந்து மாவுச் சொட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் இதே சங்கதிதான், அடர்த்தி பார்ப்பது. காற்றே இல்லையென்றால் கலவை எவ்வளவு கனக்க வேண்டும் என்று கணக்கில் தெரியும். உண்மையில் எவ்வளவு கனக்கிறது என்று தராசு சொல்லும். வித்தியாசம் காற்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கலவையில் சிமெண்ட் 360 கிலோ, தண்ணீர் 170, மணல் 720, ஜல்லி 1180. மொத்தம் 2430 கிலோ. ஒவ்வொன்றையும் அதனதன் ஒப்படர்த்தியால், அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்ணால், வகுத்தால் (சிமெண்ட் 3.15, மணல் 2.65, ஜல்லி 2.75) காற்றில்லாத கன அளவு 985 லிட்டர் வரும். அப்படியானால் காற்றில்லாத கலவை ஒரு கனமீட்டருக்கு 2467 கிலோ கனக்க வேண்டும். பாத்திரத்தில் நிரப்பி நிறுத்தபோது 2418 என்று வந்தது. குறைவது 49 கிலோ, அதாவது 2 சதவீதம். காற்று 2 சதவீதம்.

கருவியே வேண்டாம், தராசும் பாத்திரமும் போதும் என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மழை நனைந்த மணலோடு 10 லிட்டர் தண்ணீர் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது, நம் கணக்கில் அது ஏறவில்லை என்று வையுங்கள். சரியாகக் கணக்கிட்டால் காற்று 1.4 சதவீதம்தான். நாம் 2 என்று எழுதிவைப்போம். தராசில் தவறினாலும் இதே கதை. 7 லிட்டர் பாத்திரத்தில் 70 கிராம் தவறாக நிறுத்தாலே 0.4 சதவீதம் ஓடிப்போகும். பொருள்களின் ஒப்படர்த்தியும் ஈரமும் துல்லியமாகத் தெரிந்த ஆய்வகத்தில் இந்த முறை நல்ல துணை. சைட்டில் தனியாக நம்ப மாட்டேன்.

இரண்டாவது வழிதான் ஆச்சி பார்த்த குக்கர், அதாவது ஏர் மீட்டர். இதன் அடிப்படை 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. வெப்பம் மாறாமல் இருந்தால், காற்றை அழுத்த அழுத்த அதன் கன அளவு அதே விகிதத்தில் சுருங்கும். அழுத்தம் இரட்டித்தால் இடம் பாதியாகும். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எதுவும் இந்த அழுத்தத்துக்கு அசையாது. கலவைக்குள் அழுத்தினால் சுருங்குவது காற்று மட்டும்தான். ஆகவே எவ்வளவு சுருங்கியது என்று பார்த்தால் எவ்வளவு காற்று இருந்தது என்று தெரிந்துவிடும்.

கருவியின் மூடிக்குள் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அதில் பம்ப் அடித்துக் காற்றை அடைக்கிறோம். கீழே பாத்திரம் நிறையக் கலவை, மூடிக்கும் கலவைக்கும் இடையே உள்ள இடுக்கு முழுக்கத் தண்ணீர். இப்போது நடு வால்வை அழுத்தினால் அறையிலிருக்கும் காற்று கீழே பாய்ந்து கலவையைத் தள்ளுகிறது. கலவையில் காற்றே இல்லையென்றால் உள்ளே போக இடமில்லை, கேஜ் முள் அசையாது. காற்று இருந்தால் அது சுருங்கி இடம் விடும். மேலிருந்து வந்த காற்று அந்த இடத்தில் பரவும், அழுத்தம் இறங்கும். அதிகக் காற்று, அதிக இறக்கம்.

சுலபமான எண்களில் பார்க்கலாம். அறை 400 மில்லி, அதில் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. பாத்திரம் 7 லிட்டர். கலவையில் காற்று 2 சதவீதம் என்றால் 140 மில்லி. வால்வைத் திறந்ததும் அழுத்தம் 2-இலிருந்து 1.74-க்கு இறங்கும். 4 சதவீதமாக, அதாவது 280 மில்லியாக இருந்தால் 1.59-க்கு இறங்கும். கருவி செய்தவர்கள் இந்த இறக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு கேஜ் முகப்பில் நேரடியாகச் சதவீதமாகவே அச்சடித்துவிடுகிறார்கள். நாம் முள் நிற்கும் இடத்தைப் படித்தால் போதும்.

படிப்பது சுலபம். அதுவரை போய்ச் சேர்வதில்தான் வேலை இருக்கிறது. இந்தியாவில் பச்சைக் கான்கிரீட் சோதனைகளுக்கான ஐ.எஸ். 1199, 2018இல் பல பகுதிகளாகப் பிரித்து வெளியிடப்பட்டது. காற்றளவு அதில் நான்காம் பகுதி. அமெரிக்கர்களின் தர ஏடான ஏ.எஸ்.டி.எம். சி 231-உம் இதே முறைக்கானது. நான் செய்யும் விதம் இப்படி:

கலவையை வண்டியின் முதல் கொட்டலிலும் கடைசிக் கொட்டலிலும் எடுக்கக் கூடாது. நடுவில், இரண்டு மூன்று தடவையாகப் பிடித்து ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். பிடித்ததும் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து செய்கிற வேலை இல்லை இது.

பாத்திரத்தில் மூன்று அடுக்காக நிரப்புகிறோம். ஒவ்வோர் அடுக்கையும் 16 மி.மீ. தடிமனுள்ள, முனை உருண்ட கம்பியால் 25 தடவை குத்த வேண்டும். குத்துவது பரவலாக இருக்க வேண்டும். மேல் அடுக்கைக் குத்தும்போது கம்பி கீழ் அடுக்குக்குள் ஓர் அங்குலம் இறங்க வேண்டும். குத்தி முடித்ததும் ரப்பர் சுத்தியலால் பாத்திரத்தின் பக்கவாட்டில் 10, 15 தட்டு. கம்பி போன துளைகள் மூடிக்கொள்ளத்தான் இந்தத் தட்டு. ஸ்லம்ப் 75 மி.மீ.க்கு மேல் இருக்கும் கலவைக்குக் கம்பி போதும். 25-க்கும் கீழே இருக்கும் வறண்ட கலவைக்கு வைப்ரேட்டர்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் தலைதட்டுதல். நெல் அளக்கிறவர்கள் படியில் கோபுரமாக அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக அறிவார்கள். இங்கே தலைதட்டி அளப்பதுதான். மட்டப்பலகையை அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்து, விளிம்புக்குச் சரியாகச் சமமாக்க வேண்டும். குழியாக விட்டால் அந்த இடத்தில் கலவைக்குப் பதில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், காற்று குறைவாகக் காட்டும். பிறகு விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டும். இந்தத் துடைப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூடியை எதிரெதிர்க் கொக்கிகளாகப் பார்த்து இறுக்கி, இரண்டு குழாய்களையும் திறந்து வைத்து, ஒன்றின் வழியாகப் பீச்சாங்குழலால் தண்ணீர் விடுகிறோம். மற்றதில் குமிழியில்லாமல் தண்ணீர் வரும்வரை விட வேண்டும், நடுவில் கருவியை மெல்ல ஆட்டித் தட்ட வேண்டும். பம்ப் அடித்து முள்ளைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவந்து, சில நொடி சும்மா இருக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைத் தொட்டால் சுடும் இல்லையா? இங்கேயும் அடைத்த காற்று சூடாக இருக்கும். ஆறியதும் முள் இறங்கும். திரும்பக் கோட்டுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். குழாய்களை மூடி, வால்வை அழுத்திப் பிடித்து, பாத்திரத்தை நாலா பக்கமும் சுத்தியலால் தட்டி, கேஜையும் விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் படிக்க வேண்டும்.

இப்போது துடைப்புக்கு வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சைட்டில் 4.8 சதவீதம் காட்டியது. பதறிப்போய் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். டிரைவர் அண்ணன் நிதானமானவர். "சார், இன்னொரு தடவை பாருங்களேன்" என்றார். மூடியைக் கழற்றியபோது ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தது. அதன் வழியாகக் கசிந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் புதுக் கலவை பிடித்துச் செய்ததில் 1.9. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இந்தக் கருவி தவறாகக் காட்டினால் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். முள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதானே அளவு. இறங்குவதற்கு எந்தக் காரணம் இருந்தாலும் அதையெல்லாம் காற்றின் கணக்கில் எழுதிவிடும். கசிந்தால் இறங்கும். சரியாகக் குத்தாமல் பொத்தல் விட்டால் இறங்கும். மூடிக்கடியில் தண்ணீர் முழுசாக நிரம்பாமல் ஒரு காற்றுப்பை நின்றால் இறங்கும். தொடக்கக் கோட்டுக்குக் கீழேயே விட்டால், சூடு ஆறும் முன் திறந்தால், எல்லாம் இறக்கம்தான். வேலை முடிந்து கழற்றும்போது நடு வால்வை மூடாமல் அழுத்தத்தை விட்டால் காற்றறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும், அறை சிறிதாகி அடுத்த சோதனையும் கூடுதலாகவே காட்டும். குறைத்துக் காட்டும் தவறுகள் சிலதான்: குழியாகத் தலைதட்டுவது, கலவையை வெகுநேரம் கிடக்கவிடுவது, வைப்ரேட்டரை அளவுக்கு மேல் வைப்பது, கேஜைத் தட்டாமலே படிப்பது. ஆகவே எண் திடீரென ஏறினால் கலவையைச் சந்தேகிக்கும் முன் என் கையைச் சந்தேகிக்கிறேன்.

கருவியே சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாத்திரம் முழுக்கத் தண்ணீர் மட்டும் நிரப்பிச் செய்தால் சுழியம் காட்ட வேண்டும். 7 லிட்டர் பாத்திரத்திலிருந்து அளந்து 350 மில்லி தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுச் செய்தால் 5 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கு அந்தக் கருவியைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

பலரும் தாண்டிப் போகிற ஒரு கழித்தல் இருக்கிறது. ஜல்லிக்கும் மணலுக்கும் உள்ளே நுண்துளைகள் உண்டு, அவற்றிலும் காற்று உண்டு. அழுத்தும்போது அதுவும் சுருங்கும். அது கலவையின் காற்று அல்ல, கல்லின் காற்று. ஆகவே சோதனையில் இருந்த அதே அளவு ஜல்லியையும் மணலையும் தனியே எடுத்து, தண்ணீர் இருக்கும் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறி, இடுக்குக் காற்றை வெளியேற்றி, அதே கருவியில் அளக்க வேண்டும். 350 மில்லி தண்ணீரை எடுத்தபிறகு 5.3 காட்டினால் கழிக்க வேண்டியது 0.3. கான்கிரீட்டில் 2.1 படித்திருந்தால் உண்மையான அளவு 1.8. கருங்கல் ஜல்லிக்குப் பொதுவாக இது சின்ன எண்தான். ஆனால் கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை வைத்து இதை ஊகிக்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும். குவாரி மாறினால் மறுபடி செய்ய வேண்டும்.

செங்கல் ஜல்லி போட்டால் இந்தக் கழித்தலும் காப்பாற்றாது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் மாடித் தளம் எப்படிப் போட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலை நிமிர்த்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அந்த அடி எதற்கு? காற்றை விரட்டத்தான். வைப்ரேட்டர் வருமுன் இருந்த வைப்ரேட்டர் அது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது இன்றைக்கும் செங்கல் ஜல்லிக் கலவை போடுகிறார்கள். அதைக் குக்கரில் வைத்தால் செங்கல்லின் துளைகளில் இருக்கும் காற்றெல்லாம் சேர்ந்து பொருளில்லாத ஓர் எண்ணைக் காட்டும்.

அதற்குத்தான் மூன்றாவது வழி. கலவையை ஒரு பாத்திரத்தில் நிரப்பி, அளவுக்கோடு போட்ட நீண்ட கழுத்துள்ள மூடியைப் பொருத்தி, கழுத்துவரை தண்ணீரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஊற்றுகிறார்கள். கை சானிடைசரில் வருமே, அதேதான். நுரையை அடக்க அது. பிறகு தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கி, தரையில் சாய்த்து உருட்டினால் காற்று கலவையை விட்டுப் பிரிந்து மேலே வந்துவிடும். கழுத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியதோ அதுவே காற்று. இதில் அழுத்தம் கிடையாது, ஆகவே கல்லின் துளை கணக்கில் வராது. கை வலிக்கும், நேரமும் பிடிக்கும்.

எந்த வழியில் அளந்தாலும் கிடைப்பது மொத்தக் காற்று மட்டும். குமிழி பெரிதா சிறிதா, எவ்வளவு தள்ளித்தள்ளி இருக்கிறது என்பதை இது சொல்லாது. அதோடு, இது பாத்திரத்துக்குள் இருக்கும் கலவையின் காற்று. பம்ப் குழாயில் ஏறி, மேலிருந்து விழுந்து, வைப்ரேட்டர் பட்டபிறகு தூணில் இருக்கும் காற்று வேறாக இருக்கும். சென்ட்ரிங் பிரித்ததும் தூணில் ஜல்லி தெரியத் தேன்கூடு போலப் பொத்தலாக இருந்தால் அது ஒழுங்காக இறுக்காததன் விளைவு. ஏர் மீட்டர் 1.5 காட்டிய கலவையிலும் தேன்கூடு வரும். கம்பி துருப்பிடிக்க அந்தப் பொத்தல் போதும். துருவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஊருக்குள்ளேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது, அரிமானத்தை ஆராய்வது அவர்கள் வேலைகளில் ஒன்று.

அன்றைக்கு ஆச்சி வீட்டில் 2.0 காட்டியது. 0.3 கழித்து 1.7 என்று குறித்துக்கொண்டேன். நடு வால்வை மூடி, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை விட்டேன். உஸ்ஸென்று தண்ணீர் பீய்ச்சியது. "விசில் வந்துருச்சா?" என்றார்கள் ஆச்சி. கொக்கியைக் கழற்றி, பாத்திரத்தை வண்டியோரம் கவிழ்க்கப் போனபோது தடுத்தார்கள்.

"அதையும் தளத்துல கொட்ட வேண்டியதுதானே? காசு குடுத்து வாங்கினது."

மேலே தண்ணீர் சேர்ந்துவிட்டது, இனி அது தளத்துக்கும் ஆகாது, க்யூப் போடவும் ஆகாது என்றேன். கொஞ்சம் யோசித்தார்கள். கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் போட்டுவிடச் சொன்னார்கள்.